மசால் எத்தனை ஆண்டு நிற்கும்?

தீவனப் பயிர்க் கையேடு எதைப் புரட்டினாலும் ரகத்தின் பெயருக்கு எதிரே ஓர் எண் இருக்கும்: எக்டேருக்கு இத்தனை டன் பசுந்தீவனம். விதையளவு, வரிசை இடைவெளி, முதல் அறுப்பு எத்தனையாம் நாள், மறு அறுப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எல்லாம் கட்டம் போட்டுத் தந்திருப்பார்கள். விதைத்த நாலாம் ஆண்டில் அந்தச் செடிகளில் எத்தனை உயிரோடு மிஞ்சும் என்பதற்குப் பெரும்பாலும் கட்டம் இருக்காது. ‘பல்லாண்டுப் பயிர்’ என்ற ஒரு சொல்லோடு சங்கதி முடிந்துவிடும். பம்புசெட்டும் பத்துக் கறவை மாடும் உள்ளவருக்கு அது போதும். செடி போனால் மறுபடி பாத்தி கட்டி விதைத்துக்கொள்வார். வரதராஜன்பேட்டை மாதிரி ஊரில் நாலு ஆடும் ஒரு பசுவும் வைத்திருப்பவருக்கு அந்த விடுபட்ட கட்டம்தான் முதல் கேள்வி.

அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம் வட்டாரம் முந்திரிச் சீமை. விருத்தாசலம் பக்கமிருந்து தொடர்ந்து வரும் செம்மண் மேடு. மணல் கலந்த மண், தண்ணீர் நிற்காது, தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி வந்தாலும் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். தை பிறந்த பிறகு ஆடி வரைக்கும் மழையை நம்பி எதையும் செய்வதற்கில்லை. நடுவே சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை வந்தால் வந்ததுதான். ஆட்டுக்கென்று தனியாக நிலம் ஒதுக்குகிறவர்கள் இங்கே அரிது. முந்திரிக் கொல்லையின் இடைவெளி, வரப்பு, வேலியோரம், ஏரிக்கரை என்று மிஞ்சிய இடத்தில்தான் தீவனம். ஒருமுறை தூவினால் தானே நின்று தழைக்கும் என்றால் தூவுவார்கள். ஆண்டுதோறும் விதை வாங்கி உழுது விதைக்க வேண்டும் என்றால் அதே உழவில் மல்லாட்டை போட்டுவிடுவார்கள். அதில் தவறொன்றும் இல்லை; மல்லாட்டைக் கொடியும் மாட்டுக்கு நல்ல தீவனம்தான்.

பயறுவகைத் தீவனச் செடி ஒரு நிலத்தில் நீடிப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, விதைத்த தாய்ச்செடியே ஆண்டுக்கணக்கில் சாகாமல் இருப்பது. மற்றொன்று, தாய் செத்தாலும் அது உதிர்த்த விதை அடுத்த மழைக்கு முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்வது. குதிரை மசால் முதல் வகை. முயல் மசாலில் பெரும்பகுதி இரண்டாம் வகை. வேலிமசால் இரண்டையும் செய்யும். இதைப் பிரித்துப் பார்க்காமல் மூன்றையும் ‘பல்லாண்டு’ என்று ஒரே பெயரில் அடைப்பதால்தான் பாதிக் குழப்பமும் வருகிறது.

குதிரை மசாலைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் இதை மூன்று, நாலு ஆண்டுப் பயிர் என்பார்கள். உயிர் அதன் அடிக்கழுத்தில் இருக்கிறது. தண்டும் வேரும் சேருகிற அந்த முண்டிலிருந்துதான் ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் குருத்து வரும். அறுத்தவுடன் செடிக்கு இலை கிடையாது. வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் தழைக்க வேண்டும். செலவழித்ததை மறுபடி வேருக்கு அனுப்பி நிறைக்கப் பூக்கும் பருவம் வரைக்கும் ஆகும். மாட்டுக்குப் பசி என்று அதற்கு முன்பே அறுத்துக்கொண்டே போனால் செடி கையிருப்பைத் தின்று தீர்த்துவிட்டு ஒரு கோடையில் படுத்துவிடும். செத்த இடத்தில் புதிதாக விதை தூவி நிரப்பலாம் என்றால் அதுவும் சரிவராது. மூத்த குதிரை மசால் மண்ணில் விட்டுவைக்கும் வேதிப்பொருட்கள் தன் இனத்து நாற்றையே வேர்விட விடாது. ஆகவே மெலிந்துபோன தாக்கை ஒட்டுப்போட வழியில்லை. முழுசாக உழுது வேறு பயிர் வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தண்ணீரும் சுண்ணாம்புச் சத்தும் கேட்கிற இந்தப் பயிர் ஆண்டிமடம் செம்மண்ணுக்கு எப்படியும் உரியதல்ல.

ஒரே நிலத்தில் ஒரே பயறுச்செடி எத்தனை காலம் தாங்கும் என்று நீண்ட பொறுமையோடு பார்த்த இடம் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையம். அதன் ஆய்வாளர்கள் லாஸ், கில்பர்ட் இருவரும் 1854இல் அங்குள்ள மாளிகையின் காய்கறித் தோட்டத்தில் சிறு துண்டு நிலத்தில் செங்குளோவரை விதைத்தார்கள். சாதாரண வயலில் குளோவரைத் தொடர்ந்து வைத்தால் சில ஆண்டிலேயே நோய் கண்டு ஒழிந்தது. தலைமுறை தலைமுறையாக எருவுண்ட தோட்டத்து மண்ணில் அது பல ஆண்டுகள் செழித்தது. பிறகு அங்கும் இறங்கத் தொடங்கியது. சாம்பல்சத்துக் குறைவு, வேரைத் தாக்கும் நூற்புழு, பூஞ்சணம் என்று காரணங்களைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். மண்ணின் கையிருப்பு தீரும் நாளும் பகைவன் பெருகும் நாளும் சந்திக்கும்போது செடி போகிறது என்பதை அந்தத் துண்டு நிலம் காட்டியது. இரண்டு நாட்களும் முதல் மூன்று ஆண்டுக்குள் வருவதில்லை. நம் ரகச் சோதனைகளோ பெரும்பாலும் அந்த மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

முயல் மசாலுக்கு வருவோம். வரதராஜன்பேட்டை மண்ணுக்கு நேராகப் பொருந்துவது இதுதான். மணிச்சத்து குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள மணல்சாரி மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் பயறுச்செடிகள் சிலவே. அவற்றில் இது முன்வரிசை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஹமாட்டா, ஸ்கேப்ரா ஆகிய இரண்டு இனங்களைத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரிக்குப் பரிந்துரைக்கிறது. விதைத்த முதலாண்டு பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மெதுவாக எழும், களைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும், ஓர் அறுப்புக்கு மேல் தேறாது. அந்த ஆண்டே ‘இது தேறாத சரக்கு’ என்று உழுதுவிட்டவர்கள் இரண்டாம் ஆண்டைப் பார்க்காமலே போகிறார்கள். அது உதிர்க்கும் விதை அடுத்த மழைக்குத் தானாக முளைத்து அடர்ந்த பிறகுதான் மகசூல் ஏறும்.

இங்கே கவனிக்க வேண்டியது விதையின் தோல். புதிதாக உதிர்ந்த முயல் மசால் விதையை ஈரத்தில் போட்டால் பெரும்பகுதி ஊறவே ஊறாது. தோலின் மேலடுக்கில் நெட்டுக்குத்தாக நெருங்கி நிற்கும் செல்கள் தண்ணீரை உள்ளே விடாது. அதற்காகத்தான் விதைக்கும் முன் 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். தோலில் ஒரு பலவீனமான இடம் திறந்துகொள்ளும். எல்லா விதையும் ஒருசேர முளைக்கும். நீர் பாய்ச்சும் வயலுக்கு இது சரி. மானாவாரிக் கொல்லைக்கு முழு விதையையும் வெந்நீரில் போடுவது எனக்கு உவப்பாக இல்லை. வைகாசியில் ஒரு கோடை மழை பெய்து, நம்பி முளைத்ததெல்லாம் ஆனி வெயிலிலும் மேல்காற்றிலும் கருகிப்போவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. அப்படிப்பட்ட ஆண்டில் தோல் திறக்காத விதைதான் மண்ணில் படுத்துக் கிடந்து ஐப்பசிக்குக் காத்திருக்கும். கோடையில் வெற்று மண்ணின் மேல்தளம் பகலில் 60 டிகிரியைத் தொட்டு இரவில் ஆறும். மாதக்கணக்கில் இப்படிச் சுட்டும் ஆறியும் வரும்போது ஒரு பங்கு விதையின் தோல் இளகும், மறு பங்கு அடுத்த ஆண்டுக்கு மிஞ்சும். ஒரே மழைக்கு எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பிவிடாத இந்தத் தந்திரம்தான் வறண்ட நாட்டில் செடியை நிலைநிறுத்துகிறது. ஆகவே பாதியை வெந்நீரில் போட்டு, பாதியை அப்படியே கலந்து தூவுவது மேய்ச்சல் நிலத்துக்குப் பொருத்தம்.

வேறொரு வசதியும் முயல் மசாலுக்கு உண்டு. மாடு தின்ற காயிலிருந்து கணிசமான விதை சாகாமல் சாணத்தோடு வெளியே வந்து, அந்த எருவிலேயே முளைக்கும். மேய்கிற மாடே விதைக்கிறது.

இத்தனை நற்குணம் இருந்தும் முயல் மசாலின் வரலாற்றில் பெரிய சாவுகள் உண்டு. வடக்கு ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்ற ஓராண்டு முயல் மசால் இனம் பல பத்தாண்டுகளாகத் தானே பரவி, தூவியும் பரப்பப்பட்டு, மேய்ச்சல் நிலமெங்கும் நிறைந்திருந்தது. 1973இல் ஆந்த்ராக்னோஸ் என்ற இலைப்புள்ளி நோய் அங்கே காணப்பட்டது. கோலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சணம். நம் மிளகாயில் பழ அழுகலையும் மாவில் கருந்தழும்பையும் உண்டாக்குகிறதே, அந்தப் பேரினம்தான். சில ஆண்டுக்குள் டவுன்ஸ்வில் ஸ்டைலோ பெயரளவுக்கு மட்டும் மிஞ்சியது. மாற்றாக வந்தவற்றில் ஹமாட்டாவைச் சேர்ந்த வெரானோவும் ஸ்கேப்ராவைச் சேர்ந்த சீகாவும் நின்றன. 1979இல் வெளியான ஃபிட்ஸ்ராய் என்ற ஸ்கேப்ரா ரகம், வெளியிட்ட சில ஆண்டிலேயே அதே நோய்க்குப் பலியானது. ஓரினத்துக்குள்ளேயே ஒரு ரகம் நிற்கவும் ஒன்று சாகவும் செய்தது. பிறகு 1990இல் சிரான் என்று ஒன்றை வெளியிட்டபோது ஆய்வாளர்கள் ஒற்றை வழித்தோன்றலை நம்பவில்லை. எதிர்ப்புத்திறன் வெவ்வேறாக உள்ள மூன்று வழிகளைக் கலந்து ஒரே ரகமாகக் கொடுத்தார்கள். பூஞ்சணம் ஒன்றை உடைத்தாலும் மற்ற இரண்டும் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

இந்த நோய் இந்தியாவிலும் உண்டு. ஜான்சியில் 1962இல் தொடங்கிய இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து நோய் தாங்கும் முயல் மசால் பற்றி ஆராய்ந்தன. அந்த வேலையின் தொகுப்பு 2004இல் நூலாக வந்தது. நமக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டிய காரணம், முயல் மசாலின் உள்நாட்டு இனமொன்று, ஃபுரூட்டிகோசா, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட நிலத்தில் யாரும் விதைக்காமலே வளர்ந்து வருகிறது. வெளியிலிருந்து வரும் ரகம் புது ஊருக்கு வருவதாக நினைத்தாலும் அதன் உறவினரும் உறவினரின் நோயும் ஏற்கெனவே இங்கே குடியிருக்கலாம். விதை பெரும்பாலும் ஆந்திரத்தின் அனந்தபூர்ப் பக்கத்து உழவர்களிடம் விளைந்து வருகிறது. ஒரே பகுதியில் பெருக்கிய விதை நாடெங்கும் போகும்போது பலவகைத்தன்மை குறைய இடமுண்டு என்பதையும் யோசிக்க வேண்டும்.

தீவன மரமான சூபாபுல்லுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1984இல் ஹவாயில் தலைகாட்டிய தாவும் பேன் பூச்சி 1988இல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. குருத்தெல்லாம் உறிஞ்சப்பட்டு மரங்கள் மொட்டையாகின. ஆனால் மரம் சாகவில்லை. மரமாக இருப்பதால் தாங்கியது. பிறகு பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளும் சேர்ந்தன. மகசூல் இழப்பதும் இடத்தை இழப்பதும் வேறுவேறு என்பதற்கு இது நல்ல சாட்சி.

இனி வேலிமசால். தமிழ்நாட்டுக் கால்நடை வளர்ப்போருக்கு மிக அறிமுகமானது இதுவே. விதைத்து 90 நாளில் முதல் அறுப்பு, அதன் பின் 40 நாளுக்கு ஒருமுறை. தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும் என்பது பரிந்துரை. அந்த 50 சென்டிமீட்டரை யாரும் விட்டு வைப்பதில்லை. அரிவாள் தானே தரையை ஒட்டிப் போகும். விட்டுவைத்த கட்டையைப் பார்த்தால் ‘இவ்வளவு தீவனம் வீணா’ என்று கை அரிக்கும். அந்தக் கட்டையில்தான் அடுத்த குருத்துக்கான கணுக்கள் இருக்கின்றன. ஒட்ட அறுத்த வரிசையையும் கட்டை விட்டு அறுத்த வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டாம் கோடைக்குப் பிறகு வேற்றுமை கண்ணுக்கே தெரியும்: ஒன்றில் அடியிலிருந்து இரண்டு மூன்று மெலிந்த கிளை, மற்றொன்றில் கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர். கம்பு நேப்பியர் மூன்று வரிசைக்கு ஒரு வரிசை வேலிமசால் வைக்கும் முறையில், புல்லுக்கு உரமும் தண்ணீரும் தாராளமாகப் போய், புல் ஆளுயரம் எழுந்து நிழலடித்து மசாலை மெல்ல அமுக்குவதும் உண்டு. அங்கே மசால் சாவது ரகத்தின் குற்றமாகாது.

வேலிமசாலின் நீடிப்பைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த ஆய்வு, ஆய்வென்று திட்டமிடப்படாத ஒன்றிலிருந்து பிறந்தது. குயின்ஸ்லாந்தில் 1990களின் தொடக்கத்தில் மார்க், பயாமோ, உமன் என்று மூன்று வேலிமசால் ரகங்களைக் கலந்து விற்றார்கள். பல இடங்களில் மார்க் நின்றது; மற்ற இரண்டும் அந்த அளவுக்கு நிற்கவில்லை. அதற்கு முன்பும் பின்பும் பல சோதனைத் திடல்களில் ஏராளமான வேலிமசால் வகைகளை விதைத்துப் பார்த்து, திட்டம் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வேலி சாய்ந்து, மாடு புகுந்து, வறட்சியும் பனியும் கண்ட அந்தத் திடல்களுக்கு ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் கார்டினர் பல ஆண்டு கழித்துத் திரும்பிப் போனார். யாரும் கவனிக்காத காலத்தில் எவை தப்பி நின்றன, எவை பெருகியிருந்தன என்று பார்த்து, அவற்றிலிருந்து விதை எடுத்தார். அந்தத் தேர்விலிருந்து வந்ததுதான் புரோகார்டஸ் என்ற பெயரில் இன்று அங்கே களிமண் மேய்ச்சல் நிலங்களில் விதைக்கப்படும் கலவை. முதலாண்டு மகசூலை வைத்துத் தேர்ந்திருந்தால் இவற்றில் சில கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

களிமண் என்றதும் நம் பக்கத்து மாவட்டம் நினைவுக்கு வருகிறது. பெரம்பலூரின் பருத்தி, மக்காச்சோளக் கரிசலும் ஆண்டிமடத்தின் முந்திரிச் செம்மண்ணும் ஒரு பேருந்துப் பயணத் தூரம்தான். மசாலுக்கோ இரண்டும் வேறு நாடு. சுண்ணாம்பு கலந்த கனத்த கரிசலில் வேலிமசாலும் சங்குப்பூவும் நிற்கும், முயல் மசால் திணறும். ஆண்டிமடத்தில் அது தலைகீழ். ‘பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு ஏற்ற ரகம்’ என்று சேர்த்துச் சொல்லும் துண்டுப் பிரசுரத்தை நான் நம்ப மாட்டேன்.

நீடிப்பில் ஒரு முரண் இருக்கிறது. அதைக் கொழிஞ்சி காட்டும். காவிரிப் படுகையிலும் திருச்சிப் பக்கத்து ஒருபோக நிலங்களிலும் பசுந்தாளுக்காகக் கொழிஞ்சியை ஒருமுறை விதைத்தால், அடுத்தடுத்த ஆண்டுகளில் தானே முளைத்து வரும். அதன் விதைத்தோலும் மெழுகு பூசிய கெட்டித் தோல். அது நிலைத்ததற்குத் தோல் மட்டுமே காரணமில்லை. மாடு அதை விரும்பித் தின்னாது. தீவனச் செடிக்கு அந்தச் சலுகை கிடையாது. அது சுவையாகவும் இருக்க வேண்டும், தின்னத் தின்னச் சாகாமலும் இருக்க வேண்டும். நரிப்பயறு இதை ஒரு விதத்தில் சமாளிக்கிறது: தரையோடு படர்ந்து, ஆட்டின் வாய்க்கு எட்டாத தாழ்வில் சில காய்களை முற்றவிடும். தாழப் படரும் ஹமாட்டாவும் அப்படித்தான். நிமிர்ந்து நிற்கும் ஸ்கேப்ராவின் குருத்தை வெள்ளாடு வரிசையாகக் கிள்ளிவிடும். முதலாண்டு ஆட்டை விட்டால் அடிக்கட்டை தடிக்கும் முன்பே கதை முடிந்தது. தடித்த பிறகு அது பல ஆண்டு நிற்கும் புதர்.

முந்திரிக் கொல்லையில் இதோடு இன்னொரு கத்தி இருக்கிறது: தரை சுத்தம். மாசி, பங்குனியில் கொட்டை உதிரத் தொடங்கும் முன் மரத்தடியைச் செதுக்கிப் பெருக்கி வைப்பார்கள். பழத்தோடு விழும் கொட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐப்பசி மழைக்கு எழுந்த முயல் மசால் மார்கழி, தையில் பூத்துக் காய்த்து உதிரும். செதுக்கு தை நடுவில் விழுந்தால் காயோடு செடி போகும். மண்ணில் விதை சேராது. மாசிக்குத் தள்ளினால் செடி போனாலும் விதை உள்ளே இருக்கும். சில வாரத்து வித்தியாசம் அடுத்த ஆண்டு கொல்லையில் மசால் உண்டா இல்லையா என்பதையே முடிவுசெய்துவிடும். ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு வேறு சிக்கல்: இந்தச் சிறு விதை ஆழமாகப் புதைந்தால் முளைத்தும் வெளியே வராது. மேலாகக் கொத்திவிடுவது நல்லது.

இப்போது எண்ணுவது எப்படி என்ற விஷயம். மகசூலை எடைபோட்டு நீடிப்பை அளக்க முடியாது. செடிகள் சாகச் சாக, மிஞ்சியவை கிளை பெருக்கி இடத்தை நிரப்பும்; இரண்டு, மூன்று ஆண்டு எடை குறையாமலே இருக்கும். ஒரு கணக்குக்கு, சதுர மீட்டருக்கு 40 செடியில் தொடங்கி ஆண்டுக்குப் பாதி சாகிறது என்றால் 20, 10, 5 என்று இறங்கும். இருபதிலும் நிலம் பச்சையாகத்தான் தெரியும். ஐந்தில் திடீரென்று ‘போன வருஷம் நல்லா இருந்துச்சே’ என்பார்கள். ஆகவே நாலு முளை அடித்து ஒரு சதுர மீட்டரைக் குறித்துவைத்து, ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன் ஒருதரம் மழை ஓய்ந்து ஒருதரம், தலை எண்ண வேண்டும். மூத்த செடிக்கு ஒரு கம்பி வளையம் மாட்டிவிட்டால் தாய் எது, உதிரி விதையில் வந்த நாற்று எது என்று குழம்பாது. ஒரு கைப்பிடி மேல்மண்ணைச் சலித்துக் கெட்டி விதை எத்தனை என்று பார்த்தால் அடுத்த ஆண்டுக்கான இருப்பும் தெரிந்துவிடும். சோழமாதேவியில் உள்ள அரியலூர் வேளாண் அறிவியல் நிலையமும் வாலிகண்டபுரத்தில் உள்ள பெரம்பலூர் நிலையமும் முன்பு யார் யாருக்கு மசால் விதை கொடுத்தோம் என்ற பதிவேட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கொல்லைகளுக்குத் திரும்பிப் போனாலே போதும். புதுத் திட்டமோ புது நிதியோ தேவைப்படாத ஆராய்ச்சி அது.

அப்படிப் போகிறவர்கள் மரத்தடியையும் வெளியையும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் வைத்த முந்திரியில் எக்டேருக்குச் சுமார் 200 மரம். ஐந்துக்கு நாலு என்ற அடர் நடவில் 500. அடர் நடவில் கிளைகள் சில ஆண்டிலேயே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், தரைக்கு வெயில் இறங்காது. அங்கே மசால் மறைந்திருந்தால் அது ரகத்தின் ஆயுளைச் சொல்வதில்லை, முந்திரியின் வயதைத்தான் சொல்கிறது. கவாத்து செய்து வெயில் விட்ட கொல்லையில் அதே விதை மறுபடி எழுகிறதா என்று அடுத்த ஐப்பசியில் பார்த்துவிட்டுத்தான் ‘நிற்கவில்லை’ என்று எழுத வேண்டும்.